படம் போடாத நான்காம் பக்கம்

உறவினர்களுக்கும், அப்பாவின் வாரப் பத்திரிகையை வாங்கியும் இரவல் கேட்டும் படித்த காஞ்சிபுரத்து நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அப்பா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலருக்குக் கட்டுரை எழுதச் சொல்லித் தம்பி கேட்டபோது, வெறுமனே புகழ்ந்து எழுதினால் அப்பா இருந்திருந்தால் பாதியை வெட்டியிருப்பார் என்றேன். அதனால் நடந்ததை எழுதுகிறேன். அதில் என் தவறும் ஒன்று இருக்கிறது.

அப்பா பிறந்தது வாலாஜாபாத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில். சொந்த நிலம் என்று ஒரு துண்டுகூட இல்லாத குடும்பம். தாத்தா ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அப்பா காஞ்சிபுரத்தில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலையில் சேர்ந்தார். கல்யாணப் பத்திரிகையும் திருவிழா நோட்டீசும் அடித்துப் பழகியவர், பிறகு துணிந்து நான்கு பக்கத்தில் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். இந்த மனுஷன் எங்கே உருப்படப் போகிறார் என்று அம்மா வீட்டார் பேசிக்கொண்டது அவர் காதுக்கும் வந்தது. கோபப்படவில்லை. அதைச் சொல்லியே மாமாக்களைக் கடைசிவரை கிண்டல் செய்தார்.

முதல் மூன்று பக்கங்கள் ஊர்ச் செய்திக்கு. குடிநீர் வராத தெரு, கருடசேவை அன்று எந்தப் பேருந்து எங்கே நிற்கும், இப்படி. நான்காம் பக்கம் உதவிக்கு. அறுவை சிகிச்சைக்கு ரத்தம் வேண்டும், கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு பழைய சைக்கிள் வேண்டும் என்று அப்பா கேட்டு எழுதுவார். கடைக்காரர்களும் மில்காரர்களும் கொடுப்பார்கள். தெருக் கைப்பந்துக் குழுவுக்குப் பத்திரிகையின் பெயரில் பந்தும் பனியனும் போகும். கோடையில் நீர்மோர்ப் பந்தல் போடுவார். கொடுத்தவரும் வாங்கியவரும் சேர்ந்து நிற்கும் படம் மறுவாரம் வெளிவரும். கொடுத்தவர் கேமராவைப் பார்ப்பார், வாங்கியவர் தரையைப் பார்ப்பார். அதை அப்போது நாங்கள் பெரிதாக நினைத்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் பிள்ளையார்பாளையத்தில் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. நெசவாளர் கால் வைத்து உட்காரும் தறிக்குழிகள் நிரம்பிவிட்டன. ஏகாம்பரம் அண்ணன் என்கிற நெசவாளர் தயங்கித் தயங்கி அப்பாவிடம் வந்தார். அப்பா நான்காம் பக்கத்தில் எழுத, வாலாஜாபாத் மில்காரர் ஒருவர் செங்கல்லும் சிமெண்டும் கொத்தனாரும் அனுப்பித் தறியை உயர்த்திக் கொடுத்தார். வேலை முடிந்த அன்று இருவரையும் தறிக்கு முன்னால் நிற்க வைத்து அப்பா படம் எடுத்தார்.

பத்திரிகைப் பக்கங்களைக் கம்ப்யூட்டரில் அமைப்பது நான். அந்தப் படத்தில் ஏகாம்பரம் அண்ணன் நிமிர்ந்து நேராகப் பார்த்துச் சிரித்திருந்தார். எனக்கு மிகவும் பிடித்துப்போய், பெரிதாக்கி முதல் பக்கத்தில் வைத்தேன்.

"நாலாம் பக்கத்துலதானேம்மா போடுவோம்?" என்றார் அப்பா.

"மூஞ்சி எவ்ளோ நல்லா வந்துருக்குது பாருப்பா" என்றேன். அவர் விட்டுவிட்டார்.

முகத்தைப் பார்த்த நான் பின்னால் இருந்த தறியைப் பார்க்கவில்லை. அதில் பாதி நெய்த சேலை இருந்தது. முகூர்த்த மாதங்களுக்கு முன் தறியில் ஏறும் புது டிசைனை இந்த ஊரில் யாரும் வெளியே காட்டுவதில்லை, யாராவது காப்பியடித்துவிடுவார்கள் என்று துணி போட்டு மூடி வைப்பார்கள். சொந்தக்காரர் வந்தால்கூட விலக்க மாட்டார்கள். தறியை உயர்த்துவதற்காக எடுத்த துணியைத் திரும்பப் போட அண்ணனும் மறந்திருந்தார். நெசவாளர் ஊரில் பத்திரிகை நடத்துகிற எங்களுக்கு இது தெரியாததல்ல. உதவி செய்த சந்தோஷத்தில் மூவருக்கும் புத்தி வேலை செய்யவில்லை.

பத்து நாளில் அதே கரை போட்ட சேலை வேறொரு கடையில் விற்பனைக்கு வந்துவிட்டது. ஏகாம்பரம் அண்ணனுக்கு வேலை கொடுத்த முதலாளி ஆள் அனுப்பி, தறியிலிருந்த பாவு நூலையும், டிசைனைத் துளைகளாகக் குத்திய அட்டைகளையும் கழற்றி எடுத்துப் போகச் செய்தார். மறுநாள் அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"உங்க மேல கோவம் இல்ல ஐயா. ஒதவின்னு கேட்டது என் தப்பு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாகப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். திட்டியிருந்தால் அப்பா தாங்கியிருப்பார். அந்த ஒரு வார்த்தை அவரைப் படுத்திவிட்டது.

அடுத்த இதழில், தவறு படம் எடுத்த தம்முடையது, நெசவாளர் மேல் குற்றமில்லை என்று முதல் பக்கத்தில் எழுதினார். பெரிதாக்கிப் போட்டது நான், அதையும் எழுதுங்கள் என்று அழுதேன். "பேப்பர்ல இருக்கறது என் பேருதானே? நீ உன் வேலயப் பாரும்மா" என்றார். வெளியே யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை. இந்த மலரைப் படிக்கும் என் அத்தைகளுக்கே இது இப்போதுதான் தெரியும். முதலாளியிடமும் மூன்று முறை போனார். அவர் காபி வரவழைத்தார், தம் சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினார், அண்ணனுக்கு வேலை மட்டும் தரவில்லை.

அந்த வாரத்தோடு நான்காம் பக்கத்தில் படம் நின்றது. வாங்குபவர் பெயரும் நின்றது. "போட்டோ இல்லன்னா நாங்க குடுத்தது யாருக்கு சார் தெரியும்?" என்று சில புரவலர்கள் விலகினார்கள். அப்பா அசையவில்லை. அம்மா தம் பங்குக்கு, "உங்க பேப்பர்ல மூஞ்சியே தெரியாது. கரை எங்க தெரிஞ்சிருக்கப் போவுது?" என்பார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அச்சுத் தரத்தைக் குறை சொன்னால் அப்பாவுக்குப் பொறுக்காது. அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

படம் நின்றபின் வேறு ஒன்று நடந்தது. அதுவரை வராதவர்கள் வரத் தொடங்கினார்கள். கௌரவமாக வாழ்ந்து நொடித்துப்போனவர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார், கணவரின் மருந்துச் செலவைப் பிள்ளைகளுக்குச் சொல்லாத ஓர் அம்மா. அப்பா எல்லாருக்கும் ஏதாவது ஒரு வழி செய்தார். இருந்தும் நெசவாளர் யாரைப் பார்த்தாலும் "ஏகாம்பரம் எப்படி இருக்கான்?" என்று கேட்பதை விடவில்லை. ஆறு வருடம் கேட்டார். அவர் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

சிறுநீரகம் செயலிழந்து, செவிலிமேட்டில் என் வீட்டில் அப்பா படுத்திருந்த ஒரு காலையில், டவுன் பஸ்ஸில் இறங்கி ஏகாம்பரம் அண்ணன் வந்தார். இந்த முறை நேராக உள்ளே வந்து கட்டில் அருகில் உட்கார்ந்தார்.

"ஐயா, நேத்து ஒரு கல்யாணத்துல அந்த டிசைனுக்கு அட்டை குத்துனவரப் பாத்தேன். வயசாயிடுச்சு அவருக்கு. அவரே சொல்றாரு, போட்டோ வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடியே இன்னொரு செட்டு குத்தி அந்தக் கடைக்கு வித்துட்டாராம். உங்க பேப்பரு காரணமே இல்ல ஐயா. நான்தான் ஆறு வருஷமா உங்கள மனசுக்குள்ள திட்டிக்கினு இருந்தேன்."

அப்பா அண்ணனைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிக் கதவருகில் நின்ற என்னைப் பார்த்தார்.

"கேட்டியாம்மா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருடம் அவர் ஏகாம்பரத்தை விசாரித்ததில் பாதி எனக்காக. நான் அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஏகாம்பரம் அண்ணனுக்கு ஒன்றும் விளங்காமல், "என்னம்மா, நல்ல சேதிதானே சொன்னேன்" என்று பதறினார். இரண்டு மாதமாகக் கூட்டுறவுச் சங்கத்தில் பாவு வாங்கி வீட்டிலேயே மறுபடி நெய்வதாகவும் சொன்னார். அப்பா அவர் கையை விடவே இல்லை.

அவர் போனபின், இனிமேல் படம் போடலாமா என்று கேட்டேன். "எதுக்கு? இப்பதான் ஜனங்க கூச்சப்படாம வந்துக்கினு இருக்காங்க" என்றார் அப்பா. தம்பியும் நானும் இன்றும் அப்படியே நடத்துகிறோம்.

அதன்பின் பதினொரு நாட்கள் அப்பா இருந்தார். வலி இருந்தது, ஆனாலும் நன்றாகத் தூங்கினார். ஏகாம்பரத்தைப் பற்றி ஒருமுறைகூட விசாரிக்கவில்லை.

வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவருக்கும், கூப்பிட்டபோதெல்லாம் ஆட்டோவை எடுத்த பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், ஓர் இதழும் தவறாமல் பார்த்துக்கொண்ட அச்சகத்தாருக்கும், படம் வராது என்று தெரிந்தும் கொடுத்துவரும் புரவலர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இறுதிச் சடங்கன்று எங்களுக்கு முகம் தெரியாத பலர் வந்து அழுதீர்கள். அப்பாவை எப்படித் தெரியும் என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை. உங்களுக்கும் நன்றி.

ஏகாம்பரம் அண்ணனின் சம்மதத்தோடுதான் அவர் பெயரை இங்கே எழுதியிருக்கிறேன். அண்ணா, அன்று நீங்கள் பஸ் ஏறி வராமல் இருந்திருந்தால் அப்பா என்னை நினைத்துக் கவலைப்பட்டபடியே போயிருப்பார். அவரை நிம்மதியாக அனுப்பி வைத்தது நீங்கள்.