மஞ்சள் மீசை எலிகளும் செல்வநாயகி மேடமும்

காலையில் முதல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது தங்கராசு அழைத்தார். இளம்பிள்ளை ஊரில் தறி வைத்திருக்கும் அவர், செல்வநாயகி மேடத்தின் கணவர். "போயிட்டாளுங்க சார்" என்றார். மூளையில் ரத்தக்கசிவு. எந்த நோய்க்கு மருந்து தேடி மேடம் எங்கள் மருந்தியல் கல்லூரியின் மாடி ஆய்வகத்தில் இத்தனை வருடம் உழைத்தாரோ, அதே நோய். விதியின் விளையாட்டு என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடத்தின் குடும்பத்தில் ரத்த அழுத்தம் பரம்பரையாக வருவது. அதனால்தான் அந்த ஆராய்ச்சியையே கையில் எடுத்தார். இதில் விளையாட்டு ஒன்றும் இல்லை.

மேடத்தின் அப்பா மல்லசமுத்திரம் பக்கம் மஞ்சள் விவசாயி. யாரோ சொன்னார்கள் என்று ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுத் தினமும் மஞ்சள்தூளைக் கரைத்துக் குடித்தவர். "ஒடம்பு நல்லாருக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தாருங்க சார். பிரசர் மட்டும் யாருகிட்டயும் சொல்லாம ஏறிட்டே இருந்துச்சு" என்று மேடம் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். அந்த அப்பா மூளையில் ரத்தம் கசிந்து தோட்டத்திலேயே விழுந்து, பிழைக்காமல் போனார். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் மஞ்சளை வெறுத்திருக்க வேண்டும். இவரோ அதே மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற வேதிப்பொருளை ஆராயக் கிளம்பினார். மூளைக்குள் கசிந்து உறைந்த ரத்தத்தைச் சுற்றி வீக்கம் வரும். அந்த வீக்கம் நன்றாக இருக்கும் பகுதியையும் அழுத்திக் கெடுக்கும். குர்குமின் அதைக் குறைக்குமா என்பதுதான் கேள்வி. "ஆவும்ங்கறவங்களும் ஆவாதுங்கறவங்களும் பாத்துட்டா சொல்றாங்க? நாம பாத்துட்டுச் சொல்லுவோமுங்க" என்பார்.

பார்க்கும் வேலையில்தான் நான் சேர்ந்தேன். மூளையில் கசிவு உண்டாக்கப்பட்ட எலிகளில் சிலவற்றுக்கு அவர் குர்குமின் கலந்த எண்ணெயும், மற்றவற்றுக்கு வெறும் எண்ணெயும் வாயில் கொடுப்பார். எதற்கு எது என்று எனக்குத் தெரியக் கூடாது. அவை சின்ன ஏணி ஒன்றின்மேல் கால் தவறாமல் நடக்கின்றனவா என்று பார்த்து நான் மதிப்பெண் போடுவேன். முதல் சுற்று முடிந்து கணக்குப் போட்டபோது, மருந்து குடித்தவை அத்தனை நன்றாக நடந்திருந்தன. நான் சங்ககிரிக்கு வண்டியை விட்டு, எல்லாருக்கும் பேக்கரியில் இனிப்பு வாங்கி வந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது மேடம் ஒரு கூண்டின் முன்னால் குனிந்து நின்றிருந்தார். "ஏனுங்க சார், இதுக்கு யாரு நலங்கு வெச்சது?" என்றார். மருந்து குடித்த எலிகளுக்கெல்லாம் மீசையிலும் மோவாயிலும் மஞ்சள் ஒட்டியிருந்தது. பிறந்ததிலிருந்து மஞ்சளிலேயே புழங்கும் ஊர்க்காரர்கள் நாங்கள். கையில், துணியில், வாசற்படியில் மஞ்சள் இருப்பது எங்கள் கண்ணுக்கு உறைப்பதே இல்லை. அதனால் இருவருமே அதைக் கவனிக்கவில்லை. எது மருந்து குடித்த எலி என்பது எனக்குத் தெரியவே கூடாது; அதுவோ முகத்தில் எழுதி ஒட்டியதுபோல இருந்திருக்கிறது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "மஞ்சளைப் பார்த்து மார்க் போடுற ஆளா நான்?" என்று கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "நீங்க போடமாட்டீங்க சார். உங்க கண்ணு போடும்." முதல் சுற்று முழுவதையும் தள்ளிவிட்டார். இனிப்பை மட்டும் வீணாக்காமல் சாப்பிட்டார்.

மறுசுற்றுக்கு வழியையும் அவரே கண்டுபிடித்தார். எலிகள் நடப்பதை வீடியோ எடுத்து, நிறத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கி எனக்குக் கொடுத்தார். எல்லா எலியும் ஒரே சாம்பல் நிறம். எலி நடக்கும்போது அவர் வாயைத் திறக்கமாட்டார். நடந்து முடித்ததும் கையில் எடுத்து ஏதாவது பேசாமல் இருக்கவும் அவரால் முடியாது. "போதுஞ் சாமி, வா" என்று குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுவார். அதனால் கண்டிப்பாகச் சொன்னார்: "சத்தத்த அணைச்சுட்டுப் பாருங்க. நல்லா நடந்துச்சா இல்லையான்னு என் கொரலே காட்டிக் குடுத்துரும்." வீடியோ எடுக்கும் வேலையை அவர் முடித்துவிட்டார். நான் மதிப்பெண் போடத் தொடங்கியிருந்தேன். அப்போதுதான் அவர் விழுந்தார். மாத்திரையை ஒருநாளும் தவறவிடாதவர்.

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தங்கராசு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த மஞ்ச மருந்து லேப்புல இருக்குதல்லங்க? கொஞ்சம் கொண்டாங்க சார். டாக்டருகிட்ட நான் பேசிக்கறேன்." கொண்டுவந்து கொடுத்துவிடத்தான் எனக்கும் மனம் அடித்துக்கொண்டது. "எலிக்கே இன்னும் உறுதியாகலைங்க. மேடத்துக்குக் கொடுக்க முடியாதுங்க" என்றேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அடக்கம் முடிந்தபின் அவராகவே அருகில் வந்தார். "அவளா இருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பாளுங்க. கேக்காம இருக்கத்தான் முடியலைங்க" என்றார். இருவரும் அழுதோம்.

மறுநாளே ஆய்வகத்துக்குப் போய்விட்டேன். இனி யார் பார்க்கப் போகிறார்கள், இருப்பதை வைத்து முடித்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் அடுத்த வீடியோவைத் திறந்தேன். வீடியோக்களில் இன்னும் பாதி பாக்கி இருக்கிறது. ஒவ்வொன்றின் முடிவிலும் கையுறை போட்ட மேடத்தின் கை வந்து எலியைத் தூக்குகிறது. அப்போது அவர் பேசுகிறார் என்று எனக்குத் தெரியும். திரையில் ஒரு விரலால் தொட்டால் அந்தக் குரல் கேட்டுவிடும்.

தொடமாட்டேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பிடிவாதம்தான். குர்குமின் உதவுகிறது என்று வந்தாலும், உதவவில்லை என்று வந்தாலும், வந்ததை அப்படியே எழுதுவேன். கடைசி எலிக்கு மதிப்பெண் போட்டு முடித்த அன்று தங்கராசுவை வரச்சொல்லி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, முதல் எலியிலிருந்து சத்தம் வைத்துக் கேட்போம்.