ஒரு றகரத்துக்காக

அச்சகத்தில் அவளுக்குப் பேனாக்கா என்று பேர். காதோரம் சிவப்புப் பேனா இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. வேலை, பிழை திருத்துவது. பாடப் புத்தகமோ மருந்துப் பெட்டியின் மேலட்டையோ, எதுவானாலும் அவள் கண்ணைத் தாண்டித்தான் இயந்திரத்துக்குப் போகும். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் சும்மா இருக்காது. சோப்பு உறையைப் படிப்பாள், மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தைப் படிப்பாள், படித்துவிட்டுப் பெருமூச்சு விடுவாள். அவள் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். "உனக்கு இவ்வளவு சரியா பவர் பார்த்துக் கண்ணாடி போட்டுக் குடுத்தேனே, என்னைச் சொல்லணும்" என்பார்.

வீட்டுக் கணினியில் பக்கம் வடிவமைக்கும் இலவச மென்பொருள் ஒன்றை அவள் வைத்திருந்தாள். எங்கெங்கோ இருப்பவர்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து எழுதியது. அதன் நிரல் ஒளிவுமறைவில்லாமல் எல்லோருக்கும் திறந்து கிடந்தது. யாரோ புண்ணியவான் மெனுவைத் தமிழிலும் வைத்திருந்தார். அத்தனையும் அருமை. கடைசி வரியில் மட்டும் 'வெளியேரு' என்றிருந்தது.

கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அந்த வரியைத் தொடாமல், ஜன்னலின் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அமுக்கி மூடப் பழகினாள். அதுவும் சரிப்படவில்லை. இருக்கிறது என்று தெரிந்தபின் பார்க்காமல் இருப்பதும் பார்ப்பது மாதிரிதானே. கடைசியில் அந்த மென்பொருள்காரர்களுக்கே எழுதிப் போட்டாள். பதில் மரியாதையாகத்தான் வந்தது: மிக்க நன்றி, நீங்களே திருத்தி அனுப்பலாம், அனுப்புமுன் உங்கள் கணினியில் ஒருமுறை கம்பைல் செய்து, அதாவது நிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றி, ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

மட்டுமாம்!

ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்தாள். எழுத்தை மாற்ற ஒரு நொடி ஆனது. அதற்கப்புறம் இரண்டே கட்டளைகள் போதும் என்று வழிகாட்டிப் பக்கம் சொன்னது. முதல் கட்டளையைக் கொடுத்ததும் திரை முழுக்கச் சிவப்பு வரிகள் பொலபொலவென்று கொட்டின. சிவப்பு எழுத்து அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இத்தனை வருஷமும் அது அவள் கையிலிருந்துதான் கிளம்பியிருக்கிறது.

கம்பைலரே இல்லை என்றது முதல் எர்ரர். தேடி இறக்கிப் போட்டாள். அடுத்து, பொத்தான்களையும் பெட்டிகளையும் வரைந்து தரும் நூலகம் கிடைக்கவில்லை என்றது. அதையும் இறக்கிப் போட்டாள். அப்போதும் அதே பல்லவி.

"நூலகம் கிடைக்கலைன்னே சொல்லுதுங்க."

"தெருமுனையில ஒண்ணு இருக்கே, போய்ப் பாரேன்" என்றார் கண்ணாடிக்காரர். அவள் முறைத்த முறைப்பில், "சின்னவளைக் கேளேன், அவ வேலையே இதுதானே" என்று சேர்த்துக்கொண்டார்.

சின்னவள் என்பது அவர் தம்பி மனைவி, பேனாக்காவுக்கு ஓரகத்தி. பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் மற்றவர்கள் எழுதும் நிரலையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கம்பைல் ஆக வைப்பவள். ஆனால் இருவருக்கும் இடையே பேச்சு 'சௌக்கியமா, வெயில் ஜாஸ்தி' என்பதைத் தாண்டியதில்லை. காரணம் சின்னவளின் கல்யாணப் பத்திரிகை. நிச்சயம் பண்ணிய பெண்ணே நேரில் வந்து நீட்டியபோது, வாங்கிய கையோடு பேனாக்கா பேனாவை எடுத்து, 'வருகைத் தந்து' என்றிருந்ததில் அந்தத் 'த்'தின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டாள். வேண்டுமென்று செய்ததல்ல. கை தானாகப் போய்விட்டது.

வேறு வழியில்லாமல் போன் போட்டாள்.

"சொல்லுங்கக்கா. யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று பதறினாள் சின்னவள்.

"எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். ஒரு மென்பொருள் கம்பைல் ஆக மாட்டேங்குது."

"யாரு கம்பைல் பண்றது?"

"நான்தான்."

சின்னவள் இன்னொரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். பிறகு, "வாரம் பூரா ஆபீஸ்ல இதே பொழப்பு. இன்னிக்கும் இதானா? சரி, வீடியோ கால்ல வந்து திரையைக் காட்டுங்க. அப்படி என்ன மாத்துனீங்க?"

"ஒரு எழுத்து. சின்ன ரவைப் பெரிய றவா மாத்தினேன்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க மாறவே மாட்டீங்கக்கா."

திரையைப் பார்த்ததும் அவள் குரல் ஆபீஸ் குரலாகிவிட்டது. கம்பைலர் அறுபத்துநான்கு பிட், நூலகம் முப்பத்திரண்டு பிட். "ஒரு கால்ல உங்க செருப்பு, இன்னொரு கால்ல மாமா செருப்பு. எப்படி நடக்கும்?" என்றாள். சரியான நூலகத்தைப் போட்டார்கள். அதற்கும் அதே எர்ரர்.

"அதான் இறக்கிப் போட்டாச்சே!"

"அது திரும்பத் தேடவே இல்லக்கா. மொதல்ல தேடினப்ப இல்லைன்னு குறிச்சு வச்சுக்கிட்டதையே இப்பவும் சொல்லுது. கம்பைல் பண்றப்ப அதுவா உண்டாக்கின பில்ட் ஃபோல்டரை முழுசா அழிச்சிடுங்க."

"என் திருத்தம் போயிடாதா?"

"அது வேற இடத்துல பத்திரமா இருக்கு. தைரியமா அழிங்க."

அழித்தாள். மறுபடி ஓட்டினாள். பாதி வழி போய் நின்றது. ஏதோ கோப்பைக் காணோமாம்.

"இரு, இங்க 'என்' வரைக்கும்தான் இருக்கு. 'வேலை'யைக் காணோம்" என்றாள் பேனாக்கா.

"ஃபோல்டர் பேரு என்ன வச்சிருக்கீங்க?"

"என் வேலை."

"நடுவுல இடைவெளி விட்டா?"

"ரெண்டு சொல்லு. இடைவெளி விடாம எப்படி எழுதறது?"

"எழுதுங்கக்கா. இடைவெளியைக் கண்டா பேரு அங்கேயே முடிஞ்சதுன்னு அது நினைச்சுக்கும். இந்த ஒரு தடவை எனக்காகச் சேர்த்து எழுதுங்க. அதுவும் ஆங்கில எழுத்துல."

பேனாக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்து எழுதினாள். இந்தத் தடவை யாரும் சொல்லாமலே பழைய பில்ட் ஃபோல்டரையும் அழித்தாள். சக்கரம் சுழன்றது, சதவீதம் ஊர்ந்தது. இருவருக்கும் இப்போது காத்திருப்பதைத் தவிர வேலையில்லை.

"எப்படித்தான் தினமும் இதைப் பார்க்கிறியோ" என்றாள் பேனாக்கா.

"ஓடினா யாரும் கண்டுக்க மாட்டாங்க. நின்னுடுச்சுன்னாத்தான் என் ஞாபகமே வரும்."

"என் பொழப்பும் அதேதான்மா. பிடிச்ச பிழை யாருக்கும் தெரியாது. ஒண்ணு தப்பிச்சுப் போச்சுன்னா முதலாளியிலேர்ந்து பேப்பர் கட்டுறவர் வரைக்கும் வந்து காட்டிட்டுப் போவாங்க."

சின்னவள் கொஞ்சம் தயங்கினாள். "அக்கா, என் கல்யாணப் பத்திரிகையில அந்த 'த்' போட்டது நான்தான். ராத்திரியெல்லாம் உக்காந்து நானே எழுதினேன்."

பேனாக்காவுக்குக் காது மடல் சுட்டது. "அச்சுக்காரன் வேலைன்னு நினைச்சேன்மா. நீ எழுதினதுன்னு தெரிஞ்சிருந்தா..."

"அடிச்சிருக்க மாட்டீங்களா?"

"அடிச்சிருப்பேன். நீ கிளம்பிப் போனப்புறம் அடிச்சிருப்பேன்."

சின்னவள் சிரித்த சிரிப்பில் கண்ணாடிக்காரர் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

கம்பைல் முடிந்தது. மென்பொருளும் ஜம்மென்று திறந்தது. ஆனால் தலை முதல் கால் வரை ஆங்கிலம். தமிழ் மெனுவையே காணோம். பேனாக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

"அழாதீங்க. மொழிபெயர்ப்பைச் சேர்க்கிற அமைப்பை அணைச்சு வச்சிருக்காங்க. சீக்கிரம் முடியணும்னு அப்படிச் செய்வாங்க. அந்த வரியில 'வேண்டாம்'னு இருக்கிறதை 'வேணும்'னு மாத்துங்க."

மாற்றினாள். இன்னொரு முறை காத்திருந்தார்கள். மெனுவைத் திறந்தாள். வெளியேறு.

அமுக்கினாள். ஜன்னல் மூடியது. திரும்பத் திறந்து கணவரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் கையாலேயே அமுக்க வைத்தாள்.

"இதுக்கா காலையிலேர்ந்து?" என்றார்.

"ஆமா" என்றாள், முகமெல்லாம் பல்லாக.

அனுப்பிய திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த பதிப்பு வந்தபோது அச்சகத்தில் எல்லோரும் அதை நிறுவிக்கொண்டார்கள், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது. மற்ற மெனுக்களையும் பார்த்துத் தர முடியுமா என்று மென்பொருள்காரர்கள் கேட்க, சரி என்றாள். அந்த வேலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பைல் மறுபடி நின்றது. பேனாக்கா முதல் எர்ரரிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்து, எந்தக் கோப்பு இடம் மாறியிருக்கிறது என்று கண்டுபிடித்து, தானே சரிசெய்துவிட்டாள். பெருமை தாங்காமல் சின்னவளுக்குப் போன் போட்டுச் சொன்னாள்.

சின்னவள் பாராட்டவில்லை. "எர்ரர் வந்தப்பவே ஏன் கூப்பிடல?" என்று கோபித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை சும்மாத்தானே உக்காந்திருந்தேன்!"