தேங்காய்த் தண்ணீர் சிந்திய கல்

செம்பூரில் எங்கள் கட்டட வாசலில் பேத்தியின் புது பைக்குக்குப் பூசை. கற்பூரமும் பெட்ரோலும் கலந்த வாசனை வந்ததும் என் கண் தானாக வாசல் கல்லுக்குப் போனது.

அறுபதுகளில், தாராவியில், அப்பா வாங்கிய பழைய மோட்டார் சைக்கிளுக்கும் இப்படித்தான் முன்சக்கரத்தருகே தேங்காய் உடைத்தார்கள். அப்பா அப்போதுதான் ஓட்டப் பழகியிருந்தார்.

"ஏறுட்டீ, நான் இருக்கேன்லா," என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மா வயிற்றுப்பிள்ளைக்காரி. "மொதல்ல நீங்க மட்டும் ஒரு சுத்து போயிட்டு வாங்களேன்," என்றாள். சந்தே வேடிக்கை பார்த்ததால், வேறு வழியில்லாமல் ஒருக்களித்து ஏறினாள்.

வண்டி இடப்பக்கம் சாய, அப்பா காலை ஊன்றினார். ஊன்றியது தேங்காய்த் தண்ணீர் சிந்திய கல்லில். கால் வழுக்கியது.

"அரே, சம்பாலோ!" என்று, பார்த்துப் பிடிக்கச் சொல்லி, எதிர்வீட்டு மராத்திக்காரர் ஓடிவருவதற்குள் வண்டி அப்பாவின் தொடைமேல் விழுந்துவிட்டது. அம்மா தரையில் கிடந்தாள்.

அம்மா எழவில்லை; அழவுமில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்து, "அசையுது," என்றாள்.

அன்று அசைந்தவன் என் தம்பி. இதோ, தலை நரைத்தவன், முன்சக்கரத்தருகே தேங்காயை ஓங்கிக்கொண்டு நிற்கிறான்.

"ஏல! தள்ளிப் போய் உடைல!" என்று கத்திவிட்டேன்.