பங்குனி மாதத்துத் தூண்டில் உத்தரவு

முத்துப்பேட்டைக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளியில்தான் எனக்கு முதல் வேலை. சொந்த ஊர் குத்தாலம் பக்கம். வேலை பார்த்த ஊரில் எனக்கு நிலம் கிடையாது, கட்சி கிடையாது, மீன் சாப்பிடும் பழக்கமும் கிடையாது. இந்த மூன்றும் சேர்ந்து என்னை மீன்பிடி மேற்பார்வையாளர் ஆக்கிவிட்டன.

நில உச்சவரம்புச் சட்டம் வந்து, ஊருக்கு ஊர் வயலில் செங்கொடி நட்டுக்கொண்டிருந்த காலம். எங்கள் ஊரில் சண்டை குளத்தின் மேல். அது தன் பட்டாவில் இருக்கிறது என்றார் மிராசுதார். புறம்போக்கு, எல்லாருக்கும் பொது என்றார் விவசாயத் தொழிலாளர் சங்கத் தலைவர். வழக்கு கோர்ட்டில் கிடந்தது. மேட்டூர் அணையை மூடி, வாய்க்கால் வறண்டு, பங்குனியில் குளத்துத் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியது. விரால்கள் மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டுப் போயின. அதைப் பார்த்துக்கொண்டு யாரால் சும்மா இருக்க முடியும்? இரண்டு தரப்பும் ஒரே நாளில் வலையோடு இறங்க, அடிதடி வரை போய்விட்டது.

தாசில்தார் உத்தரவு போட்டார். தீர்ப்பு வரும்வரை வலை கூடாது, ஊத்தா என்கிற மூங்கில் கூடையைப் போட்டு அமுக்கக் கூடாது. தூண்டில் என்றால் ஆளுக்கு ஒன்று. அதுவும் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை. ஒரு சாணுக்குக் குறைந்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். மேற்பார்வைக்கு நடுநிலையான ஆளாக உள்ளூர் ஆசிரியர்.

முதல் நாளே சங்கத் தலைவர் என்னிடம் கேட்டார்: "சாண்னா யாரு சாண், தோழர்?"

"என் சாண்தான், வேற யாரு சாண்?" என்று மிராசுதார் கையை விரித்தார். வாழையிலை மாதிரி இருந்தது.

"அந்தக் கைக்கு முதலைதான் மாட்டணும்" என்றார் தலைவரின் மனைவி. நடவுக்கும் அறுப்புக்கும் ஆட்களைக் கூட்டிப்போகிறவர் அவர். ஊரில் யாரும் அவரிடம் எதிர்வாதம் செய்வதில்லை.

ஒரு மணி நேரம் பேசி, கடைசியில் என் கை என்று முடிவானது. அன்றிலிருந்து கிழக்குக் கரையில் மிராசுதார் ஆட்கள், மேற்குக் கரையில் சங்கத்துக்காரர்கள். தக்கை அமுங்கினால் என்னைக் கூப்பிடுவார்கள். தன் கரை மீன் என்றால் மிராசுதார், "கையை ரொம்ப விரிக்காதீங்க தம்பி, சுளுக்கிக்கும்" என்பார். எதிர்க்கரை மீன் என்றால், "நல்லா விரிங்க, ஏன் கூச்சப்படுறீங்க?" என்பார். தலைவரும் அப்படியே, ஆனால் தோழர் என்று சேர்த்துக்கொள்வார். எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் கெளுத்தி வாடை போகவில்லை. பள்ளியில் பிள்ளைகள் சிலேட்டை என்னிடம் நீட்டிவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டன.

இரண்டாவது வாரம் மிராசுதார் கூத்தாநல்லூர்க் கடைக்காரர் ஒருவர் மூலமாக ஒரு சிங்கப்பூர்த் தூண்டில் வரவழைத்தார். சக்கரம் வைத்தது, பளபளவென்று இருந்தது. ஊரே பார்க்க வந்தது. அவர் அதைத் தலைக்கு மேல் சுழற்றி வீசினார். முள் தண்ணீரைத் தொடவே இல்லை. குளத்தைத் தாண்டிப் போய், தலைவர் தோளில் கிடந்த சிவப்புத் துண்டில் மாட்டிக்கொண்டது. மிராசுதார் பதறிப்போய்ச் சக்கரத்தைச் சுற்றினார். துண்டு பறந்து தண்ணீரில் விழுந்து, மெதுவாகக் குளத்தைக் கடந்து கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தது.

"கொடியை இழுத்துட்டான்யா!" என்று மேற்குக் கரை எழுந்தது.

"கொடி இல்லப்பா, துண்டு!" என்று கிழக்குக் கரை கத்தியது.

நான் தாசில்தாருக்கு அறிக்கை எழுத வேண்டியதாயிற்று. எவ்வளவு யோசித்தும் வேறு விதமாக எழுதத் தெரியவில்லை: "பிடிபட்ட துண்டு ஒரு சாணுக்கு மேல் இருந்தது. எனினும் அது மீன் அல்ல. துவைத்துத் திரும்ப ஒப்படைக்கப்பட்டது."

மறுநாள் காலையில் ஜீப் வந்துவிட்டது. தாசில்தார் இரண்டு கரையிலும் நின்று விசாரித்தார். அறிக்கையை உரக்கப் படித்தபோது அவருக்கே சிரிப்பு வந்து, இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார். பிறகு, "இதுல என்னய்யா அப்படி இருக்கு? ஒரு தூண்டிலைக் குடுங்க" என்று உட்கார்ந்தார். ஏழெட்டு முறை மண்புழுதான் போனது. ஒருவழியாக ஒரு கெண்டை மாட்டியது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. கையை விரித்து மீன் மேல் வைத்தேன். ஒரு விரற்கடை குறைந்தது.

"கொஞ்சம் மடக்கி வைங்க சார்" என்றார் தாசில்தார், மெல்ல.

"ஐயா, உத்தரவு உங்களோடது" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

"விடுங்க! விடுங்க!" என்று இரண்டு கரையும் ஒரே குரலில் கத்தின. அந்தக் குளம் அதுவரை கேட்டிராத ஒற்றுமை அது. அவர் மீனை ஒருமுறை ஆசையாகப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டார்.

அப்போதுதான் தலைவரின் மனைவி கேட்டார்: "ஏங்க ஐயா, உத்தரவுல வலை கூடாதுன்னு இருக்கு, ஊத்தா கூடாதுன்னு இருக்கு. வெறுங்கையால பிடிக்கக் கூடாதுன்னு இருக்கா?"

தாசில்தார் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்லியே" என்றார்.

அந்தம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். சேற்றில் காலால் துழாவி, குனிந்து, முழங்கை நீளத்துக்கு ஒரு விராலைத் தூக்கினார். அவ்வளவுதான், மேற்குக் கரை முழுவதும் தண்ணீரில் இருந்தது. கிழக்குக் கரையும் பின்னாலேயே குதித்தது. மிராசுதார் சிறிது நேரம் கௌரவமாக நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் இறங்கி, மூன்றாவது அடியிலேயே சறுக்கி உட்கார்ந்தார். கை கொடுத்துத் தூக்கியவர் சங்கத் தலைவர். சேற்றில் யார் எந்தக் கரை என்றே தெரியவில்லை. என்னை அளக்கக் கூப்பிட ஒருவருக்கும் நேரமில்லை.

மதியத்துக்குள் குளத்தில் மீனே இல்லை. உத்தரவு இருந்தது, ஆனால் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று. ஜீப்பில் ஏறும்போது தாசில்தார் கையில் தாமரை இலையில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. அதில் என்ன என்று நான் கேட்கவில்லை. வழக்கு மட்டும் இன்னும் பல வருடம் நடந்தது.