இளைய மகளின் காணியில் ஒரு சோலார் ஸ்டாண்ட்

"எண்ட காணிக்குள்ள கொங்கிரீட் போடப்படா வாப்பா! போட்டா அந்தக் குழிக்குள்ளயே போய்ப் படுத்துக்குவன்."

டேப்பை விரித்துப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். என் நண்பன் மீராலெப்பையைப் பார்த்துக் கத்தியது அவனுடைய இளைய மகள் பர்ஹானா. அதுவரை அவள் உரத்துக் கதைத்து நான் கேட்டதே இல்லை.

கல்முனையில் முப்பது வருஷத்துக்கு மேல் வெல்டிங் பட்டறை நடத்தியவன் நான். கேற், கிறில், போட் எஞ்சின் பிடிக்கும் பிறேம் என்று செய்யாத வேலை இல்லை. மின்வெட்டுக் காலத்தில் ஊரே சோலார், சோலார் என்று ஓடியபோது பெனல் தாங்கும் ஸ்டாண்டும் அடிக்கத் தொடங்கினேன். கண் மங்கிப் பட்டறையை விட்டுவிட்டேன். ஆனாலும் ஸ்டாண்ட் வேலை பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது மீராலெப்பையின் வளவுதான்.

மீராலெப்பை பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். சாய்ந்தமருதில் வீடு. மூத்த மகள் நிஹாரா வீட்டிலேயே மெஷின் போட்டு அபாயா தைத்தாள். கரண்ட் போனால் மெஷின் நிற்கும், அவளிடம் தைக்க வரும் பெண்களின் கூலியும் நிற்கும். அதற்காகத்தான் பெனல் வாங்கினான். கூரையில் போட வழியில்லை. கடல் காற்றில் மரமெல்லாம் உளுத்து, மேலே ஏறினால் கால் நேரே அடுப்படிக்குள் இறங்கும் நிலை. அதனால் நிலத்தில் ஸ்டாண்ட் அடிப்பது என்று முடிவு.

"போன்ல வீடியோ பாத்துட்டன் மச்சான். நானே செய்வன். நீ வெல்டிங் மட்டும் புடிச்சித் தா" என்றான்.

"வீடியோ பாத்து நீந்தப் போனவண்ட மையத்தத் தூக்கினவன்டா நான்" என்றேன்.

காணிக்காரி

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். இருந்த வீட்டை நிஹாராவுக்கு எழுதிவிட்டார்கள். தெற்குப் பக்கம் வெறும் மணலாகக் கிடந்த காணி பர்ஹானாவுக்கு. நிழல் விழுத்தும் மரம் ஒன்றும் அதில் இல்லை. பெனலுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கேதான் மீராலெப்பை குழி வெட்டிக் கொங்கிரீட் போட நினைத்தான். அந்த நேரம் பார்த்து, அக்கரைப்பற்றிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் காணி பார்க்க வருவதாகவும் இருந்தது.

"கொஞ்சக் காலத்துக்குத்தானே மகள்" என்று மீராலெப்பை கெஞ்சினான்.

"இண்டைக்கு ராத்தாட கம்பி. நாளைக்கு ராத்தாட மெஷின் றூம். மறுகா எனக்கு எங்க வீடு? கடலுக்குள்ளயா?"

அவள் ராத்தா என்ற அக்கா நிஹாரா, தையல் டேப் கழுத்தில் தொங்க, கதவடியில் நின்றாள். முகம் சுண்டிப் போயிருந்தது. "நான் கேக்கல்ல தங்கச்சி" என்று மட்டும் சொன்னாள். எனக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒருத்திக்குத் தொழில், மற்றவளுக்கு வாழ்க்கை.

"மகள், இந்தக் காணிக்குள்ள ஒரு குழியும் வெட்ட மாட்டன்" என்றேன். "எல்லாத்தையும் போல்ட்டில நிப்பாட்டுறன். உண்ட வீட்டு வேல தொடங்குற அண்டைக்கு நான் ஸ்பானரோட வந்து நிப்பன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அல்லாஹ்வுக்காகச் சொல்றீங்களா சாச்சா?"

"ஓம்."

"அப்ப செய்ங்க."

வாடைக்குப் பயந்த வேலை

வாய் சொல்லிவிட்டது, கைதான் செய்ய வேண்டும். பெனல் தெற்குப் பார்க்கச் சரிவாக இருக்கும், பின்பக்கம் உயர்ந்து நிற்கும். மாரியில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும்போது அந்தப் பின்பக்கத்தால் புகுந்து ஸ்டாண்டையே தூக்கிவிடும். கொங்கிரீட் இல்லாமல் மணலில் அதை அமர்த்தி வைக்கப் பாரம் வேண்டும்.

"சாக்கில மண்ணப் போட்டுக் கட்டுவமா?" என்று மீராலெப்பை கேட்டான்.

"இந்த வெயிலுக்குச் சாக்கு உக்கிப் போயிரும்டா."

அப்போதுதான் வேலியோரத்தில் அடுக்கியிருந்த புளொக் கற்கள் கண்ணில் பட்டன. பர்ஹானாவின் வீட்டுக்கென்று பென்ஷனில் மிச்சம் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தவை. ஆங்கிள் இரும்பில் அகலமான தட்டுப் போல அடிப்பகுதியைச் செய்து, அதற்குள் அந்தக் கற்களை அடுக்கினால் போதும். கல்லுக்கும் காணிக்காரியிடமே போய் அனுமதி கேட்டோம்.

"ஒரு கல்லு ஒடஞ்சாலும் வாப்பா புதுசு வாங்கித் தரணும்" என்று சொல்லிச் சிரித்தாள். அந்த வீட்டில் அன்றுதான் எல்லோரும் சிரித்துப் பார்த்தேன்.

வெல்டிங் எல்லாம் பட்டறையில் முடித்து, உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் அன்டிகொரசிவ் பெயின்ட் இரண்டு கை பூசிக் கொண்டுபோனேன். பூட்டும் வேலையை மீராலெப்பை விடவில்லை. முதல் பிறேமைப் பூட்டிவிட்டுப் பெருமையாக என்னைக் கூப்பிட்டான். பார்த்தால் மேற்கே பார்த்து நின்றது. இத்தனை வருஷத் தொழுகைப் பழக்கத்தில் மனுஷன் கிப்லாவைப் பார்த்து வைத்துவிட்டான்.

"பெனல் தொழப் போறல்ல மச்சான். தெற்கால திருப்பு."

கற்களை இறக்கி, திருப்பி, மறுபடி அடுக்கினோம். நிஹாரா பிளேன்டீ கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருந்தாள். வெயில் ஏறும்வரை வேலை, பிறகு பள்ளிக்கூடக் காலத்துக் கதை. சம்பளத்துக்குச் செய்த எத்தனையோ வேலை மறந்து போயிற்று. அந்தக் காலை நேரங்கள் மறக்கவில்லை. திரும்பக் கிடைக்குமென்றால் இன்றைக்கும் போவேன்.

மாப்பிள்ளை வீட்டார்

மாப்பிள்ளையின் உம்மா வீட்டுக்குள் போகுமுன் ஸ்டாண்டைத்தான் சுற்றிப் பார்த்தார்.

"இது ஆர்ர? காணியில மூத்தவவுக்கும் பங்கு வெச்சிட்டீங்களோ?"

நிஹாரா முக்காட்டை இழுத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"காணியும் தங்கச்சிட, கல்லும் தங்கச்சிட. எண்ட ஸ்டாண்ட் இரவலுக்கு நிக்கிது. அவட வேல தொடங்கினா அண்டைக்கே போயிரும்."

அந்த அம்மா குனிந்து கால்களைப் பார்த்தார். செருப்பால் மணலைத் தட்டியும் பார்த்தார். அத்திவாரம் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்தார். கலியாணம் பேசி முடிந்தது.

அந்த மாரியில் வாடை பலமாக அடித்தது. சில போல்ட் இளகியதைத் தவிர ஸ்டாண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அத்திவாரம் வெட்டும் நாளில் சொன்னபடி ஸ்பானரோடு போனேன். காணி வெறுமையாகக் கிடந்தது. பெனல்கள் சுவரில் சாத்தியிருந்தன, கற்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. உள்ளே மெஷின்களை நிறுத்தித் துணியால் மூடியிருந்தாள் நிஹாரா.

"நீங்க வாறதுக்கு முந்தியே கழட்டிட்டம் சாச்சா. தங்கச்சி வந்து பாக்கக்கொள்ள காணியில எண்ட சாமான் ஒண்டும் இரிக்கப்படா."

பர்ஹானா வந்து பார்த்தாள். ராத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இப்போது ஸ்டாண்ட் அடிக்கும் தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான்: வெயில், காற்று, மண் எல்லாம் பாருங்கள். அதற்கு முன் காணி யாருடையது என்று அந்த வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். சொன்ன நாளில் கழற்றக்கூடியதாகச் செய்யுங்கள்.

சுவர் எழும்பி, கூரைக்குக் கொங்கிரீட் தட்டுப் போட மேசன் பலகை அடித்த சமயம் பர்ஹானா எனக்குப் போன் எடுத்தாள்.

"சாச்சா, நாளைக்குத் தட்டுப் போடப் போறம். ராத்தாட ஸ்டாண்டுக்கு எங்கெங்க போல்ட் வைக்கிற எண்டு நீங்க வந்து மேசனுக்குக் காட்டணும்."

"கொங்கிரீட்டுக்குள்ளயா மகள்?"

"ஓம் சாச்சா. நல்லா ஆழமா வைங்க. பொறகு ஆரும் கழட்டேலாத மாதிரி."