உத்திரத்தில் வெள்ளை வளையங்கள்

கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கூரை வேலைக்கு நான் ஓவர்சியராக இருந்தபோது, உத்திரம் கொண்டுவந்த பழைய மர வியாபாரி அவர். ஒல்லி உடம்பு, காதிடுக்கில் பென்சில். பேச்சுக்கு நடுவே மரத்தை விரல்முட்டியால் தட்டி, காது வைத்துக் கேட்பார்.

நீளம் சரி, கனம் சரி, வெடிப்பு இல்லை. அடிப்பக்கத்தில் மட்டும் சட்டைப் பொத்தான் அளவில் வெள்ளை வளையங்கள் இருந்தன.

"இது என்ன அண்ணாச்சி?"

"பழைய வீட்டு மரம்லா. சுண்ணாம்பு தெறிச்சிருக்கும்மா."

தெறித்த சுண்ணாம்பு இத்தனை வட்டமாக விழாது. தூத்துக்குடியில் கரையேற்றிய படகுகளின் அடியில் இதைப் பார்த்திருக்கிறேன். கொட்டலசு என்ற சிறு கடலுயிர் ஓடு கட்டி ஒட்டியிருந்த தடம் அது. உப்பேறிய மரத்தில் அடித்த ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும். கீழே பிள்ளைகள் உட்காருவார்கள்.

"இது கடல்ல கிடந்த மரம். திருப்பிக் கொண்டுபோங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. "படகு மரம்னு சொன்னா இந்த ஊர்ல எவன் வீட்டுக்குள்ள விடுதான்? ஆனா கரையான் அண்டாது தாயி."

"ஆணியை உப்பு அரிச்சிருமே."

சிரித்தார். "இம்புட்டு நாள்ல ஒருத்தரும் வளையத்தைப் பாக்கலை. எல்லாரும் நீளத்தைத்தான் அளப்பாவ."

வண்டி போன பிறகுதான் அந்த 'இம்புட்டு நாள்' எனக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் என் வாடகை வீட்டில் ஸ்டூல் போட்டு ஏறி உத்திரத்தைப் பார்த்தேன். அழுத்தமாக வெள்ளையடித்திருந்தார்கள். அவரைப் போலவே தட்டிக் காது வைத்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.