மழையில் கரையாத ஆமை

முடிதிருத்துபவர் யாரிடமோ கேட்டு மச்சினனிடம் சொல்லியிருக்கிறார். மச்சினன் அதை ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு மேசையில் அவிழ்த்துவிட்டபோது செய்தி நன்றாகவே கொழுத்திருந்தது. பூங்காவில் மண் ஆமை செய்த அத்தான், மழைக்குக் கரையாத கலவையைக் கண்டுபிடித்துவிட்டாராம். கற்றாழைச் சாறோ என்னவோ சேர்க்கிறாராம்.

அத்தான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

வேலையிடத்தில் அவருக்கு ஒழுகல் டாக்டர் என்று பெயர். மாடியோ குளியலறையோ, எங்கே சொட்டினாலும் வாளியும் பிரஷ்ஷுமாகப் போய் அடைத்துவிட்டு வருவார். இருபத்திரண்டு வருடம் தண்ணீரோடு மல்லுக்கு நின்றவருக்கு ஐம்பதை நெருங்கும்போது ஞானோதயம் வந்தது. சிமென்ட் பூமியைக் கெடுக்கிறது என்று மண்வீட்டுப் பயிற்சி ஒன்றுக்குப் போனார். மூன்று நாள் களிமண்ணையும் மணலையும் வைக்கோலையும் காலால் மிதித்துவிட்டுக் கலைஞராகத் திரும்பினார். கலைஞரின் இடுப்புக்கு மனைவிதான் தைலம் தேய்த்தாள்.

பூங்காவில் இடம் கேட்டு வாங்கி, இரண்டு பேர் உட்காரும் அளவில் ஓர் ஆமை செய்தார். பக்கத்தில் ஒரு பலகை: 'மழையில் கரைவேன், செடிகளுக்கு மண்ணாவேன், மிச்சம் எதுவும் வைக்க மாட்டேன்.' எழுதும்போது அவருக்கே கண் கலங்கியது.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மேகம் கட்டியது. மிச்சம் வைக்காத கலைஞர் வானத்தையும் ஆமையையும் மாறி மாறிப் பார்த்தார். நாளை ஒருநாள் மட்டும் தாங்கட்டும் என்று வண்டியிலிருந்த கம்பெனி வாளியைத் திறந்து, தண்ணீர் புகாத, நிறமில்லாத பூச்சு ஒரு கோட்டிங் அடித்தார். பழகிய கை அல்லவா, இரண்டாவது கோட்டிங்கும் அடித்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

அதன்பிறகு மூன்று மாதம் மழை. ஒழுகாது என்று அவர் சத்தியம் செய்த மாடிகள் ஒழுகியதுண்டு. கரையும் என்று சத்தியம் செய்த ஆமை மட்டும் புது மாப்பிள்ளைபோல் பளபளவென்று நின்றது. கேட்டவர்களிடமெல்லாம் எல்லாம் மண்ணின் குணம் என்று அடக்கமாகச் சொல்லித் தொலைத்திருந்தார்.

மச்சினன் இன்னும் முடிக்கவில்லை.

"உங்க ஆமையைப் பாத்துட்டுப் போன அந்த ரிட்டயர்டு நர்ஸம்மா தோட்டத்துல மண்ணுல ரூம் கட்டுறாங்க அத்தான். பெரிய வீட்டை மகளுக்கு விட்டுட்டு அதுலதான் இருக்கப் போறாங்களாம். கூரையைச் சுவருக்கு வெளியே நீட்டவே இல்ல. ஆமைக்கே குடை வேணாம், எனக்கெதுக்குன்னு கேக்குறாங்க. அளவு நீங்கதான் எழுதிக் குடுத்தீங்களாமே?"

கொடுத்திருந்தார். மணல் மூன்று, களிமண் ஒன்று, ஒரு பிடி வைக்கோல் என்று முத்து முத்தான கையெழுத்தில். பூச்சை மட்டும் எழுதவில்லை.

தட்டைத் தள்ளி வைத்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு உங்க சட்டையில அடிச்சது மண்வாசனை இல்ல. எனக்குத் தெரியாதா?"

கை கழுவிவிட்டு வந்து அவர் வாய்விட்டே ஒத்திகை பார்த்தார். அம்மா, கலவைக்குச் சின்னதாக ஒரு துணை தேவைப்படலாம். அம்மா, சோதனை முயற்சியாக ஒரு பாதுகாப்பு...

"பொய்க்கும் ரெண்டு கோட்டிங்கா?" என்றாள் மனைவி. "கரைஞ்சுடும்னு சொல்லுங்க. கூரையை நீட்டச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

போனை எடுத்து நர்ஸம்மாவின் எண்ணை அழுத்தினார். மணி அடித்து ஓய்ந்தது. அந்தம்மா இந்நேரம் முழங்கை வரை சேற்றோடு சுவர் எழுப்பிக்கொண்டிருப்பார், அதுவும் இவர் எழுதிக் கொடுத்த அளவில். மறுபடி அழுத்தினார். ஜன்னல் கண்ணாடியில் முதல் சொட்டு விழுந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.